புள்ளி வரி

இந்த மாத பில் மூன்று பக்கம்.
இயந்திர வாடகை நாலாயிரத்து நூறு.
அதில் ஓடும் விண்டோஸுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
டேட்டாபேஸ் உரிமம் முப்பத்தோராயிரம்.
ஆள் உரிமம் ஐந்து பேருக்கு, தலைக்கு எழுநூறு.
எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள்.
இங்கே சுண்டைக்காயும் வாடகைக்குத்தான்:
வதக்கலாம், வாசம் பிடிக்கலாம்,
மாசக் கடைசியில் முழுசாகத் திருப்பித் தரவேண்டும்.

மும்பையில் ஒரு குளிர்ந்த அறையில் அது இருக்கிறது.
செக்காலை ரோட்டில்
ஜெராக்ஸ் கடை மாடியில் நான்.
சித்திரை வெயிலைக் கிளறிக்கொண்டு ஃபேன்.
புதுவயல் அரிசி ஆலைகள், பள்ளத்தூர் லாட்ஜ்,
தேவகோட்டை மருந்துக்கடை என்று பதினொரு பேர்
தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு தருகிறார்கள்.
பில் போக மிச்சம் ஆயிரத்து எழுநூற்றுப் பத்து.
மாடி வாடகை அதற்குள் அடங்காது.

ஐந்நூறு ஏற்றிக் கேட்டேன்.
“உன் கம்ப்யூட்டர் என்ன,
நெல்லா தின்னுது?” என்றார் ஆலைக்காரர் காசிலிங்கம்.

கம்பெனிக்குப் போன் போட்டேன்.
“கோர் கணக்கு மேடம்.”
எனக்கு இரண்டு போதும் தம்பி.
“இரண்டு ஓட்டுங்கள். நாலுக்குக் கட்டுங்கள்.
நாலுக்குக் கீழே கணக்கே இல்லை.”

புரியாமல் இல்லை.
புள்ளி வரி கட்டி வளர்ந்த ஊர் இது.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி.
கோவிலுக்குப் புள்ளிக்கு இவ்வளவு,
கோடீஸ்வரனும் ஒன்று, கடன்காரனும் ஒன்று.
ஆனால் எங்கள் ஏட்டில் அரைப் புள்ளி உண்டு.
போன வருஷம் மாசியில்
கணக்கப்பிள்ளை என் பெயருக்கு நேரே
அதைப் போட்டார்,
பேனாவை அழுத்தாமல்.

இலவசமாகவே கிடைத்தது அன்றைக்கும்.
சோலையப்பன்தான் வேண்டாம் என்றார்.
“காசு கொடுத்து வாங்கினால்
கேள்வி கேட்க ஓர் ஆள் இருக்கும்.”
இருக்கிறான், ஹைதராபாத்தில்,
மேடம் மேடம் என்று.
நான் கேட்கவேண்டிய ஆள் அவன் இல்லை.

நானூற்றுப் பன்னிரண்டு ப்ரொசீஜர்,
எல்லாம் அந்த ஒரு கம்பெனியின் பேச்சு வழக்கில்.
வேறு வீடு போக
ஒவ்வொன்றுக்கும் வேறு பேச்சு சொல்லித்தர வேண்டும்.
ராத்திரிகளில் உட்கார்ந்து
பத்தொன்பது மாற்றியிருக்கிறேன்.

எங்கே குறைக்கலாம் என்று
ஆள் பட்டியலைத் திறந்தேன்.
ஐந்தாவது பெயர்: சோலை.
கடைசியாக உள்ளே வந்தது
பதினாலு மாதத்துக்கு முன்னால்,
இரவு ஒன்று நாற்பது.
அன்று லாட்ஜ் பில்லில் ஏதோ பைசா இடித்தது.
பதினாலு எழுநூறு ஒன்பதாயிரத்து எண்ணூறு.
ஜிஎஸ்டி தனி.
கோவில் ஏடு அந்த வாரமே அடித்த பெயரை
இந்த ஏடு
முழுப் புள்ளியாக வைத்திருந்தது, என் காசில்.

நீக்கு என்றேன்.
அது ஒரு பெட்டியைத் திறந்து சொன்னது:
இதே பெயரில் மறுபடி சேர்த்தாலும்
அவர் இவராக மாட்டார்.
நிச்சயமா?

இயந்திரம் கேட்கிற கேள்விதான்.
கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து
ஆம் என்று அழுத்தினேன்.

மறுபடி போன்.
இப்போது நாலு பேர் தம்பி. எழுநூறு குறையுமா?
“ஆள் உரிமம் ஐந்துக்குக் கீழே இல்லை மேடம்.”

சிரித்தேன். அவன் பயந்துவிட்டான்.

தேவகோட்டை மருந்துக்கடை சிக்கந்தர்
மூன்று வருஷமாகக் கேட்கிறார்,
ராத்திரி ஸ்டாக் எடுக்கும் பெண்ணுக்குத்
தனியாக ஒரு லாகின்.
இடம் இல்லை, இடம் இல்லை என்பேன்.
பெயர் கேட்டேன். மும்தாஜ்.
போட்டுக் கொடுத்தேன், காசு வேண்டாம் என்று.

பதினொன்றே காலுக்கு
ஐந்தாம் பெயருக்கு நேரே
பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.
குரோசின் நாற்பது அட்டை, இருமல் மருந்து பன்னிரண்டு
என்று ஏறிக்கொண்டிருந்தது.

இருபதாவது ப்ரொசீஜரைத் திறந்தேன்.
முதல் வரியிலேயே
அவர் எழுதி வைத்த குறிப்பு:
இதைத் தொடாதே.